குழந்தைக்குப் பழையது, மாதாவுக்குப் புதியது

விருத்தாசலம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. தொலைபேசியில் அழைக்காமல் மின்னஞ்சலில் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள் என்று மறுபடியும் கேட்காதே. என் காதுக் கருவிக்கும் தொலைபேசிக்கும் ஒத்துப்போகவில்லை. அதோடு, தொலைபேசியில் நீ எல்லாவற்றுக்கும் 'சரிங்க அத்தை' என்பாய். எழுதும்போதுதான் கொஞ்சமாவது மறுத்துப் பேசுகிறாய்.

முதலில் நன்றி. கோடையில் என் பழைய கணினி உயிரை விட்டதும் புதியது வாங்கி அனுப்பினாய். புனேயில் உட்கார்ந்தபடியே என் திரையை நீயே இயக்கி, வேண்டியதை எல்லாம் ஏற்றிக் கொடுத்தாய். நீ இந்த வீட்டு மருமகளாக இருந்தபோது, பொம்மைப் பூச்சான கிளேஸுக்கு எடை கணக்கிட எழுதிய நிரலையும் புதிய பைத்தான் மொழியில் ஓடும்படி திருத்தி வைத்தாய். என் மகனை விட்டு விலகி ஏழு ஆண்டுகள் ஆன பெண், அவன் தாய்க்கு இவ்வளவும் செய்யவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 'இனிப் பழைய பைத்தான் வேண்டாம் அத்தை, இது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும்' என்று எழுதியிருந்தாய். நம்பினேன்.

இனிக் குறை.

புதுச்சேரி வியாபாரிக்குக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் நவம்பர் பாதிக்குள் போய்ச் சேரவேண்டும் என்பது உனக்குத் தெரியும். போன ஆண்டே அவர் வேறு பொம்மை யூனிட்டைத் தேடினார். இந்த முறை பிசகினால் நம் பக்கம் திரும்பமாட்டார். மாதாவின் மேலாடைக்கு இந்த ஆண்டு நான் புதிதாக அமைத்த நீலம், உன் புதிய நிரலில் கணக்கிட்டது, கண்ணைப் பறிக்கும் அழகோடு வந்தது. அடுத்தது குழந்தை இயேசுவின் வெள்ளை. பத்து ஆண்டுகளாக நான் கலக்கும் வெள்ளை, என் சொந்தச் சூத்திரம். அதில் என்ன தவறப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

நேற்று கொளஞ்சிநாதன் சூளைக் கதவைத் திறந்தார். திறந்தவர் நகர்ந்து நின்றுகொண்டார். ஆராயிதான் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, கொழந்தைங்க எல்லாத்துக்கும் சொறி புடிச்சிருக்குது?"

"தள்ளு, நான் பாக்குறேன்."

"நல்லாப் பாருங்க. இந்தப் புள்ளைக்கு மண்டையில ஒண்ணுமே ஒட்டல. இதைக் கொண்டுபோயி மாட்டுக் கொட்டாயில படுக்கவெச்சா மாடே எழுந்து போயிடும்."

அவள் மிகைப்படுத்தவில்லை. பொம்மையின் மேல் கண்ணாடியாகப் படியவேண்டிய கிளேஸ், உருகிப் பரவாமல் சுருண்டு துளித்துளியாகத் திரண்டிருக்கிறது. இடையிடையே வெறும் மண் தெரிகிறது. களிமண் மாறவில்லை. சூளை மாறவில்லை. கொளஞ்சிநாதன் எரிக்கும் விதமும் மாறவில்லை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எது மாறியதோ அதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். மாறியது உன் நிரல் ஒன்றுதான்.

அது கொடுத்த எடைகளை இத்துடன் அனுப்புகிறேன். இருபத்தைந்து கிலோ கலவைக்குத் துத்தநாக ஆக்சைடு 1.87 கிலோ என்கிறது. முன்பெல்லாம் 1 என்றுதான் சொல்லும். புள்ளி வைத்துப் பேசுவது புதிய பைத்தானின் நாகரிகம் போலும் என்று எண்ணி, ஆராயியை அப்படியே நிறுக்கச் சொன்னேன்.

என்ன நடந்தது என்று பார்த்து எழுது. ஆறுதல் சொல்லவேண்டாம், காரணம் சொல்.

இப்படிக்கு,
ஃப்ளோரா


புனே
17 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். மாடு எழுந்துபோன இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு எடைகளைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் இதுதான். பழைய பைத்தானில் ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால், அது மீதியைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். 200-ஐ 107-ஆல் வகுக்கச் சொன்னால் 1 என்று சொல்லிவிட்டுப் போய்விடும். புதிய பைத்தான் அதே கணக்கை 1.87 என்கிறது. பழைய நிரல் புதியதில் ஓடுவதற்காக, விடையை எழுதிக் காட்டும் வரிகளில் மட்டும் அடைப்புக்குறிகள் சேர்த்தேன். வேறு எதையும் தொடவில்லை. நான் தொடாமலே வகுத்தல் மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை. மன்னியுங்கள்.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பத்து ஆண்டுகளாக நீங்கள் கலந்தது உங்கள் சூத்திரம் சொன்ன வெள்ளை அல்ல. சூத்திரப்படி துத்தநாகம் 1.87 கிலோ. நிரல் மீதியை எறிந்துவிட்டு 1 என்றது. ஆராயி அக்கா ஒரு கிலோ போட்டார்கள். வெள்ளை நன்றாக வந்தது. போன வாரம்தான் முதன்முறையாகச் சூத்திரம் சொன்னபடியே கலந்திருக்கிறீர்கள். துத்தநாகம் கூடினால் கிளேஸ் சுருளும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

நிரலில் வகுத்தல் குறியை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் புதியதும் பழையபடி மீதியை எறிந்துவிடும். ஆனால் உங்கள் நீலம் புள்ளிக் கணக்கோடு அமைந்தது; அது கெட்டுப்போகும். இரண்டு தனி நிரல்களாகப் பிரித்துத் தரவும் முடியும். நீங்கள் முடிவு செய்யும் வரைக்கும் ஒரு வழி செய்திருக்கிறேன். நேற்று உங்கள் கணினியில் பழைய பைத்தானையும் ஏற்றிவிட்டேன். இப்போது அதில் இரண்டும் இருக்கின்றன. நிரலைத் திறக்கும் எடிட்டரின் வலது கீழ் ஓரத்தில் 3.12 என்று சிறிதாக ஓர் எண் தெரியும். அதைச் சொடுக்கினால் மேலே ஒரு பட்டியல் விரியும். வெள்ளைக்குப் பழையதான 2.7-ஐத் தேர்ந்தெடுங்கள். நீலத்துக்கு மறுபடி 3.12. ஒன்று இருப்பதற்காக இன்னொன்றை நீக்கவேண்டியதில்லை. அப்படிச் சொன்னது என் அவசரம்.

இந்த ஆர்டர் முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒரே சுத்தமான நிரலாக எழுதி, தமிழில் விளக்கமும் எழுதி ஒப்படைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு உங்களுக்கு என் உதவி எதற்கும் தேவைப்படாது.

அன்புடன்,
மெர்சி


விருத்தாசலம்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

என் சூத்திரம் தவறு என்பதை இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் எழுதியதில்லை. ஒரு மாணவியின் விடைத்தாளில் இதைக் கண்டிருந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மையை இழுத்திருப்பேன்.

கலவை இருபத்தைந்து கிலோவுக்குக் குறைவாக வருவதை முதல் ஆண்டே கவனித்தேன். சேதாரத்தை எண்ணி நீ அப்படிக் கணக்கிட்டிருக்கிறாய் என்று நினைத்து, உன் முன்யோசனையை மனத்துக்குள் மெச்சியும் இருக்கிறேன். முழு எண்ணாக வருவது ஆராயி நிறுப்பதற்கு வசதியாக நீ செய்தது என்றும் நினைத்தேன். ஒரு நிரலுக்குக் கணக்கு வராததை நாம் எத்தனை நற்குணங்களாக எடுத்துக்கொண்டிருக்கிறோம், பார்.

ஆராயியிடம் விவரம் சொன்னேன்.

"பத்து வருசமா தப்புக் கணக்குலதான் நல்லாருந்துச்சா? அப்ப அதையே போடச் சொல்லுங்க."

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் திருத்தணும் ஆராயி."

"திருத்துங்க, யாரு வேணாங்கிறா? கிறிஸ்மஸு போவட்டும். இப்பத் திருத்துறேன்னு ஒக்காந்தீங்கன்னா இயேசு தை மாசந்தான் பொறப்பாரு."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆர்டர் நடக்கும்போது சூத்திரத்தையும் நிரலையும் ஒரே சமயத்தில் மாற்றினால், எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் நிரலில் ஓர் எழுத்தையும் தொடாதே. இரண்டாகவும் பிரிக்காதே. பைத்தானை மட்டும் நான் மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் அது மாறமாட்டேன் என்கிறது. காலையில் நீலத்துக்குக் கணக்குப் போட்டேன், சரியாக வந்தது. பிறகு நீ சொன்ன ஓரத்தைச் சொடுக்கி, பட்டியலில் 2.7-ஐத் தேர்ந்தெடுத்தேன். ஓரத்திலும் 2.7 என்று மாறியது. கீழே திறந்திருந்த, நிரல் ஓடும் கறுப்புச் சன்னலில், நீ கற்றுக்கொடுத்தபடி மேல் அம்பை அழுத்தி, முந்தைய கட்டளையையே மறுபடி ஓட்டினேன். துத்தநாகம் 1.87 என்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே. ஓரத்தில் ஒன்று எழுதியிருக்கிறது, கீழே வேறொன்று நடக்கிறது. இதைக் கல்லூரி நிர்வாகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கணினியிலும் உண்டு என்று தெரியாது. இந்த முறை எதையும் கலக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் ஆராயியை நிறுத்திவிட்டேன்.

உன் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். சுத்தமாக எழுதி ஒப்படைத்துவிடுகிறேன் என்கிறாய். வீட்டைக் காலி செய்கிறவர்கள் வெள்ளையடித்துச் சாவி கொடுப்பதைப்போல் இருக்கிறது. உதவி தேவைப்படாதவர்களுக்கு நீ கடிதம் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறாயா? தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்வேன். உடைப்பதற்கு இங்கே பொருட்கள் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
ஃப்ளோரா


புனே
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் செய்ததில் தவறில்லை. நான் பாதிதான் சொல்லியிருந்தேன். கறுப்புச் சன்னல் திறந்தபோது எந்தப் பைத்தானோடு திறந்ததோ, மூடும் வரை அதனோடேயே இருக்கும். அதற்குப் பிறகு ஓரத்தில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. காலையில் நீலத்துக்காகத் திறந்த சன்னல், மாலை வரை நீலத்தின் பைத்தானையே பிடித்துக்கொண்டிருந்தது.

அதன் மூலையில் உள்ள குப்பைக்கூடைப் படத்தை அழுத்தி மூடுங்கள். ஓரத்தில் 2.7 இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புதிதாக ஒரு சன்னலைத் திறந்து ஓட்டுங்கள். துத்தநாகம் 1 என்று வந்தால் ஆராயி அக்காவைக் கூப்பிடலாம். வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். நள்ளிரவானாலும் பரவாயில்லை, தொலைபேசியில் நீங்கள் பேசினால் போதும், நான் சொல்வதை எழுத்தில் அனுப்புகிறேன்.

சொறி பிடித்த குழந்தைகளில் ஒன்றை எனக்காக எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் உடைத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது அலுவலகத்தில் வேலை அதிகம்.

அன்புடன்,
மெர்சி


விருத்தாசலம்
19 அக்டோபர் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

வந்துவிட்டது.

சன்னலை மூடித் திறந்ததும் துத்தநாகம் 1 என்றது. ஆராயி நிறுத்தாள், கலந்தாள், ஒவ்வொரு குழந்தையையும் காலைப் பிடித்து முக்கி எடுத்தாள். சூளை ஆறும் வரை காத்திருந்தோம். கதவைத் திறந்தபோது கொளஞ்சிநாதன் இந்த முறை நகரவில்லை. "வந்துருச்சிங்க" என்றார். ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி நீளமாகப் பேசுவார். பால் ஏடு படிந்ததைப்போல வெள்ளை, ஓர் இடத்தில்கூடச் சுருளவில்லை. ஆராயி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பத்தான் புள்ள சாமியாட்டம் இருக்குது. அந்த மெர்சிப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, மாட்டை மறுபடி கட்டிட்டோம்னு."

சொல்லிவிட்டேன்.

இப்போது மாதாவுக்குப் புதியது, குழந்தைக்குப் பழையது என்று நாள் ஒன்றுக்கு ஒன்றாக வேலை நடக்கிறது. கணினிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 'முதலில் சன்னலை மூடு.' ஆராயிக்கு அது புரியவில்லை. கணினி இருக்கும் அறையின் சன்னலைத் தினமும் காலையில் மூடிவிடுகிறாள், புழுக்கம் தாங்கவில்லை. விளக்கிச் சொல்லவும் எனக்குப் பொறுமையில்லை.

நாளை தீபாவளி. ஆராயி கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய்விட்டாள். ஷெட் பூட்டியிருக்கிறது, எனக்கு எழுத நேரம் கிடைத்தது. நன்றி சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் ஒருமுறை ஒழுங்காகச் செய்து முடிக்கிறேன்.

இந்த நிரலை நீ எழுதியது நம் சாப்பாட்டு மேசையில். மஸ்கட்டிலிருந்து என் மகன் ஜூடு விசா அனுப்புவான் என்று நாம் இருவரும் காத்திருந்த காலம். அவனுக்கு அங்கே வேறொரு குடும்பம் இருந்தது நமக்குத் தெரிந்தது பின்னால்தான். காத்திருக்கும் பெண்கள் ஜெபமாலை சொல்வார்கள். நீ என் பழைய காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஃபெல்ஸ்பார் என்றால் என்ன, அது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எனக்குக் கணக்குப் போடும் நிரல் எழுதினாய். ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியையின் பொழுதுபோக்கு என்று ஊர் சொன்ன யூனிட், அதற்குப் பிறகுதான் ஒரு தொழிலாக நின்றது. இதை உன்னிடம் அப்போது நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி.

இனி நீ சொல். இரண்டு கடிதங்களாக எதையோ வாயில் அடக்கி வைத்திருக்கிறாய். நோயா? வேலை போய்விட்டதா? எதுவானாலும் வாக்கியமாக எழுது.

இப்படிக்கு,
ஃப்ளோரா


புனே
2 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். சேத்தியாத்தோப்பில் அப்பா அம்மா கல்லறைக்கு இந்த ஆண்டும் நான் போகவில்லை. ஆனால் காலையில் அங்குள்ள என் சித்தி அழைத்து, 'யாரோ வந்து சுத்தம் பண்ணி, மெழுகுத்திரி ஏத்தி, பூ வெச்சிட்டுப் போயிருக்காங்க' என்று சொன்னார். யார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் செய்கிறீர்கள். ஒருமுறையும் எழுதியதில்லை.

நோய் இல்லை. வேலையும் இருக்கிறது. வாக்கியமாக எழுதுகிறேன்: ஜனவரியில், பொங்கல் கழிந்ததும், எனக்குத் திருமணம்.

அவர் பெயர் இனியவன். கும்பகோணத்துக்காரர், நம் சபைதான். என் அலுவலகக் கட்டடத்தில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார். அமைதியானவர், நன்றாகச் சமைப்பார். உங்கள் கடிதங்களை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். மாடு எழுந்துபோனதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். கோடையிலேயே உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் எழுத உட்கார்ந்து, நிரலைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

எனக்கு இந்தத் திருமணம் கோவிலில் நடப்பதே உங்களால்தான். மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில், பெற்ற மகனைப் பற்றி, நடந்ததை நடந்தபடி நீங்கள் சொன்னதால்தான் என் முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் போனீர்கள். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது ஒரு சிக்கல். புனேயில் நான் எந்தக் கோவில் பங்கிலும் பெயர் பதியவில்லை. என் பெயர் இன்னும் நம் விருத்தாசலம் கோவிலில்தான் இருக்கிறது. அதனால் என் திருமண ஓலையை அங்கே மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும் என்கிறார்கள். அந்தக் கோவிலில்தான் உங்கள் மருமகளாக மாலையோடு நின்றேன். அங்கேயே, நீங்கள் உட்கார்ந்திருக்க, என் பெயரை இன்னொருவர் பெயரோடு வாசிப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. ஊர் முழுக்கத் திரும்பி உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். உங்களை அந்த நிலையில் வைக்க எனக்கு மனமில்லை.

பங்குத்தந்தையிடம் பேசினேன். ஆயரிடம் விலக்கு வாங்கினால் வாசிக்காமலே விடலாமாம். நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவர் ஏற்பாடு செய்வார். ஊருக்குத் தெரியவேண்டாம். திருமணமும் இங்கேயே எளிமையாக முடிந்துவிடும்.

சுத்தமாக எழுதிய நிரலையும் தமிழ் விளக்கத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் இல்லாமலே எல்லாம் ஓடும். இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறவள் உங்களைப் பழையபடி கூப்பிட உரிமை உண்டா என்று தெரியவில்லை. அதனால்தான் மேலே அப்படி எழுதினேன்.

என்றும் நன்றியுடன்,
மெர்சி


விருத்தாசலம்
16 நவம்பர் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

'மதிப்பிற்குரிய அம்மா அவர்கள்' என்று இந்த முகவரியில் யாரும் இல்லை. கடிதம் தவறி வந்திருக்கவேண்டும். ஆனாலும் பிரித்தாகிவிட்டது, ஆகவே பதில் எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் கோபம் அல்ல, வைக்கோல். பொம்மைகளைச் சுற்றி அடுக்கிப் பெட்டி கட்டி, வெள்ளிக்கிழமைதான் புதுச்சேரிக்கு ஏற்றி அனுப்பினோம். வியாபாரி பிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் இப்போதே சொல்லிவிட்டார்.

உன் கடிதம் வந்த மறுநாளே பங்குத்தந்தையைப் பார்த்தேன். இளைஞர், நல்லவர், எல்லாரையும் சங்கடத்திலிருந்து காப்பாற்றவேண்டும் என்று நினைப்பவர்.

"விலக்கு வாங்கிடலாம்மா. ஒரு லெட்டர் போட்டாப் போதும். உங்களுக்கும் சங்கடம் இருக்காது."

"எனக்கு என்ன சங்கடம் ஃபாதர்?"

"இல்ல, ஜனங்க ஏதாவது பேசுவாங்க."

"அந்தப் பொண்ணு இந்த ஊரை விட்டுப் போனப்ப வருசக்கணக்கா பேசுனாங்க. அப்ப யாரும் அவளுக்கு விலக்கு வாங்கித் தரல. வாசிங்க. சத்தமா வாசிங்க, எனக்குக் காது மந்தம்."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு, ஓலையில் உன்னை எப்படிக் குறிப்பிடுவது என்று கேட்டார். அதை நானே எழுதிக் கொடுத்தேன். ஜூடுக்கும் ஒரு வரி எழுதிப் போட்டேன். 'நல்லது' என்று பதில் வந்தது. அவன் எழுதியவற்றில் எனக்கு உடன்பாடான கடிதம் இதுதான்.

இன்று காலை இரண்டாம் பூசையில் முதல் வாசிப்பு. நான் வழக்கமாக உட்காரும் இடத்தில், தூணுக்கு வலப்பக்கம், உட்கார்ந்திருந்தேன். காதுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டிருந்தேன். அறிவிப்புகள் முடிந்ததும் ஃபாதர் ஓலையை எடுத்தார். கும்பகோணத்து மணமகன் பெயர், அவர் பெற்றோர் பெயர். அடுத்து, 'காலஞ்சென்ற செபாஸ்டியன், காலஞ்சென்ற ரோஸ்லின் ஆகியோரின் மகளும், நம் பங்கில் ஃப்ளோராவின் குடும்பத்தைச் சேர்ந்தவருமான மெர்சி' என்று வாசித்தார். இவர்கள் மணமுடிப்பதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று முடித்தார்.

நீ சொன்னதுபோலவே ஊர் திரும்பிப் பார்த்தது. திரும்பியவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்துவலி உண்டு, அதையும் பொருட்படுத்தவில்லை. பக்கத்தில் பாக்கியமேரி என் விலாவில் இடித்தாள்.

"என்னக்கா, ஒம் மருமவ பேரைல்ல வாசிக்கிறாங்க?"

"கேக்குது. நாந்தான் எழுதிக் குடுத்தேன்."

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். காது கேளாதவர்களின் மெதுவுக்கு அளவு கிடையாது. ஃபாதர் கையில் ஓலையோடு அப்படியே நின்றார். பிறகு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எல்லாரும் மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தடை ஏதும் இல்லை என்பது அத்துடன் ஊருக்கே விளங்கிவிட்டது.

வெளியே வந்ததும் பாக்கியமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு வூட்டுச் சார்பா யாரு நிக்கிறாங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். நான் வருகிறேன். ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய். ஆராயியும் வருகிறேன் என்கிறாள். அவள் புனேயைப் பார்க்க வருகிறாள், உன்னை அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

உன் பெற்றோரின் கல்லறையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்தது. அவ்வளவுதான்.

சுத்தமான நிரலைத் திறந்து பார்த்தேன். விளக்கம் நல்ல தமிழில் இருக்கிறது. நான்கு ஒற்றுப் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். ஆனால் எனக்கு அது வேண்டாம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் என் சூத்திரத்தை நானே ஒழுங்காகத் திருத்துவேன். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பைத்தானும் கணினியில் இருக்கட்டும். எதற்கு எது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் போனால் உனக்கு எழுதுவேன், நீ பதில் எழுதுவாய். இதிலிருந்து உவமை எதையும் கட்டி எனக்கு அனுப்பாதே. அந்த மாதிரிக் கடிதங்களை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஒரு குடில் செட்டைத் தனியாகப் பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். சீர் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். மாதா, சூசையப்பர், ஆடுகள், எழுந்துபோகாத மாடு, எல்லாம் உண்டு. குழந்தை மட்டும் நீ கேட்ட குழந்தை. மண்டையில் ஒன்றும் ஒட்டாதது. ஆராயிக்கு மனமே இல்லை, 'கல்யாண வூட்டுக்கு இதையா குடுப்பாங்க' என்று நல்லது ஒன்றையும் உள்ளே திணித்துவிட்டாள். உங்கள் குடிலில் இரண்டு பேர் படுத்திருப்பார்கள். இனியவனிடம் காரணத்தை நீயே சொல்லிக்கொள்.

இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பு இருக்கிறது. அதே இடத்தில்தான் உட்காருவேன்.

இப்படிக்கு,
உன் அத்தை